மலிவு ஒரு பெருமையா?

அகமதாபாத்தில் ஆட்டோவுக்கு கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய். செவ்வாய்க்குப் போக ஏழு ரூபாய்தான்! 2014-ல் நியூயார்க்கில் பிரதமர் மோடி இப்படிச் சொன்னதும் ஒரே கைதட்டல்.

இந்தக் கணக்கை பி.காம். தேர்வில் எழுதினால் முட்டைதான் கிடைக்கும். வாங்கின விலை மட்டும் போதுமா? எத்தனை வருஷம் உழைக்கும் என்று பார்க்க வேண்டாமா? திருவேங்கடத்தில் கிணற்றுக்கு மோட்டார் வாங்கும் சம்சாரிகூட முதலில் அதைத்தான் கேட்பார்.

சந்திரயான்-1ஐ எடுத்துக்கொள்ளுங்கள். செலவு 386 கோடி. 2008 அக்டோபர் 22-ல் கிளம்பியது. திட்டமிட்ட ஆயுள் இரண்டு வருடம். உயிரோடு இருந்தது 312 நாள். நாளுக்கு 53 லட்சம் என்று போட்ட கணக்கு 1.24 கோடியாக முடிந்தது. நிலவில் நீரின் தடயம் கிடைத்தது பெரிய சாதனைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் 2009 மே மாதம் சுற்றுப்பாதையை 100 கி.மீ.யிலிருந்து 200க்கு உயர்த்தியபோது 'மேலும் ஆய்வுக்காக' என்றார்கள். நட்சத்திர உணரி பழுதான சங்கதி ஜூலையில்தான் வெளியே வந்தது. காரணம் முதலில் சூரியக் கதிர்வீச்சு என்றார்கள், பிறகு வெப்பம் என்றார்கள்.

பூமியின் காந்தப்புலம் நமக்கு ஒரு குடை. அதைத் தாண்டினால் அண்டக்கதிர்களும் சூரியப் புயலும்தான். ஒரே ஒரு துகள் மோதினால் போதும், நினைவகத்தில் 0 இருந்த இடத்தில் 1 வந்துவிடும். வருஷக்கணக்கில் கதிர் பட்டால் டிரான்சிஸ்டரே நொந்துவிடும். அதனால்தான் 2011-ல் வியாழனுக்குக் கிளம்பிய ஜூனோவின் கணினியை டைட்டானியப் பெட்டிக்குள் வைத்து அனுப்பியது நாசா. அதே வருடம் ரஷ்யாவின் ஃபோபோஸ்-கிரண்ட் பூமியைச் சுற்றும் பாதையைத் தாண்டவே இல்லை. விண்வெளிக்குத் தகுதியில்லாத சிப்புகள் கதிர்வீச்சில் தடுமாறியதே காரணம் என்றது விசாரணைக் குழு. சிப்பில் மிச்சம் பிடித்து, கலத்தையே கடலில் தொலைத்த கதை!

"மங்கள்யான் மலிவாகவும் போனது, நீடித்தும் உழைத்ததே?" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. ஆறு மாதத்துக்கென்று அனுப்பியது, செவ்வாயை ஏழரை வருடம், 2022 வரை சுற்றியது. அப்படியானால் அதையல்லவா தம்பட்டம் அடித்திருக்க வேண்டும்! ஆட்டோ கட்டணம் எதற்கு?

மலிவு என்று ஊர் முழுக்கப் பெருமை பேசிவிட்டால், அடுத்த முறை கவசத்துக்கும் சோதனைக்கும் கூடுதல் பணம் கேட்கும் பொறியாளர் குற்றவாளி மாதிரி நிற்க வேண்டிவரும். வெள்ளிக்குப் போக 2024-ல் 1,236 கோடி ஒதுக்கியாகிவிட்டது. அதில் கதிர்வீச்சுச் சோதனைக்கு எவ்வளவு, எத்தனை நாள் உழைக்கும் என்று எதிர்பார்ப்பு, பழுதானால் எப்போது சொல்வார்கள்... வரி கட்டுகிறவர்கள் இந்த மூன்றையும் இப்போதே கேட்க வேண்டும்.