புழுங்கல் அரிசி கேட்கும் கேள்வி

புழுங்கல் அரிசியைத் தாத்தா பாட்டி காலத்துச் சாப்பாடு என்று ஒதுக்கும் பிள்ளைகள் இன்று அதிகம். இந்த நாட்டின் மருத்துவ ஆய்வு வரலாற்றில் அந்த அரிசிக்கு ஒரு தனி இடம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிபெரி என்ற நோய் மலாயாவை உலுக்கியது. கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கத்துச் சீனர்களிடம் அது அதிகம். தமிழ்த் தொழிலாளர்களிடம் அரிது. சீனர்கள் சாப்பிட்டது தீட்டிய பச்சரிசி. நம்மவர்கள் சாப்பிட்டது புழுங்கல்.

இதைச் சோதிக்க, 1905-இல் டாக்டர் வில்லியம் ஃபிளெட்சர் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் இருந்தவர்களை வரிசையாக எண்ணி, ஒற்றைப்படை, இரட்டைப்படை என இரண்டாகப் பிரித்தார். ஒரு பிரிவுக்குப் பச்சரிசி, மறு பிரிவுக்குப் புழுங்கல். பச்சரிசிப் பிரிவில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் பிரிவில் அந்த நோயால் ஒருவரும் சாகவில்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள வைட்டமின் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்ற விளக்கம் பின்னாளில்தான் கிடைத்தது.

அந்த ஆய்வால் பிழைத்தவர்கள் ஏராளம். ஆனால், அந்த 18 பேர்? 'உங்களை வைத்து ஓர் ஆய்வு நடக்கிறது, சம்மதமா?' என்று கேட்டாக வேண்டும் என்ற விதி அன்று இங்கில்லை.

அந்தக் கேள்வியைக் கட்டாயமாக்க உலகத்துக்கு இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன. நாஜி மருத்துவர்களின் கொடுமைகளுக்குப் பிறகு 1947-இல் நியூரம்பர்க் நெறிகள் வந்தன. 1964-இல் ஹெல்சிங்கி பிரகடனம் வந்தது. மலேசியா தனது நல்ல மருத்துவ ஆய்வு வழிகாட்டியை 1999-இல் வெளியிட்டது. ஜி.சி.பி. என்று சொல்கிறார்களே, அதுதான்.

இந்த விதிகளைப் படிப்பதே இன்று ஒரு துறை. இதில் முதுகலைப் பட்டத்தை இணையம் வழியாகவே முடிக்கலாம். லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் டிராப்பிக்கல் மெடிசின், மருத்துவ ஆய்வுகள் பற்றிய முதுகலைப் படிப்பைத் தொலைநிலையில் நடத்துகிறது. ஆய்வுத் திட்டம் எழுதுவது, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெறுவது, பக்கவிளைவுகளை அறிவிப்பது, சம்மதம் வாங்குவது என்று பாடங்கள் விரியும். டாக்டராக இருந்தால்தான் இந்தத் துறைக்குள் நுழையலாம் என்பதில்லை. தாதியர், மருந்தாளர், உயிரியல் பட்டதாரிகள் ஆகியோருக்கு ஆய்வு ஒருங்கிணைப்பாளர், ஆய்வுக் கண்காணிப்பாளர் போன்ற வேலைகள் இருக்கின்றன.

பெஸ்தாரி ஜெயாவிலோ புக்கிட் ரோத்தானிலோ இருந்துகொண்டு, பகலில் வேலை, இரவில் படிப்பு என்று ஓடும் இளைஞர்களுக்கு இது ஒரு நல்ல வழி. சேரும் முன் மூன்றைப் பாருங்கள். அந்தப் பட்டத்துக்கு எம்.கியூ.ஏ. அங்கீகாரம் உண்டா? வெளிநாட்டுப் பட்டம் என்றால், நீங்கள் விண்ணப்பிக்கப்போகும் நிறுவனம் அதை ஏற்குமா? கட்டணத்துக்கு இ.பி.எஃப். கல்விச் சேமிப்பை எடுக்க முடியுமா? பெரிய செலவில் இறங்கும் முன் குறுகிய ஜி.சி.பி. பயிற்சி ஒன்றை முடித்துப் பாருங்கள். மருந்து ஆய்வில் வேலை செய்ய அந்தச் சான்றிதழ் எப்படியும் தேவைப்படும்; துறை உங்களுக்கு ஒத்துவருமா என்பதும் தெரிந்துவிடும்.

நம் பிள்ளைகள் இதைப் படிக்க வேண்டும் என்று நான் சொல்வதற்குச் சம்பளம் மட்டும் காரணமில்லை. ஜி.சி.பி. விதிப்படி, படிக்கத் தெரியாத ஒருவரிடம் சம்மதம் வாங்கும்போது நடுநிலையான சாட்சி ஒருவர் பேச்சு முழுவதும் உடனிருக்க வேண்டும். புரியும் மொழியில் விளக்க வேண்டும். கையெழுத்திட்ட படிவத்தின் நகலைக் கொடுக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படாது என்பதையும் சொல்ல வேண்டும்.

காகிதத்தில் எல்லாம் சரிதான். மைக்கின் முன் உட்கார்ந்து பிழைக்கும் எனக்குத் தெரிந்தது ஒன்று: வாசித்துக் காட்டுவது வேறு, புரியவைப்பது வேறு. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமாரம் 1917-இல் தொடங்கியது இந்த கோலசிலாங்கூர் மண்ணில்தான். மூன்று நான்கு தலைமுறையாகத் தோட்டத்தில் உழைத்த குடும்பங்கள் இங்கே உண்டு. 'டாக்டர் சொன்னால் சரி' என்று காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடும் பெரியவர்களும் உண்டு. அவர்களிடம், "பாட்டி, இது மருந்தைச் சோதிக்கும் ஆய்வு. வேண்டாம் என்றாலும் உங்களுக்கு வைத்தியம் உண்டு. வீட்டில் மகனிடம் கேட்டுவிட்டு நாளைக்குச் சொல்லுங்கள்" என்று தமிழில் சொல்ல ஆள் வேண்டும்.

அந்த ஆள் உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருக்கட்டுமே.