புது ரவுட்டருக்குப் பழைய லேப்டாப் ஏன் முரண்டு பிடிக்கிறது?

வீட்டுக்குப் புதிய ஃபைபர் இணைப்பு வருகிறது. மொபைல்களும் டிவியும் ஐந்து நிமிடத்தில் வைஃபையில் சேர்ந்துவிடுகின்றன. அப்பாவின் பன்னிரண்டு வருடத்து லேப்டாப் மட்டும் சேர மாட்டேன் என்கிறது. சில வீடுகளில் வைஃபையின் பெயரே அதில் தெரிவதில்லை. இணைப்பு கொடுக்க வந்தவர் ரவுட்டர் செட்டிங்ஸில் எதையோ தட்டுகிறார், லேப்டாப் சேர்ந்துவிடுகிறது. அவர் என்ன மாற்றினார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்கத்தான் வேண்டும். ஒரு லேப்டாப்புக்காக மொத்த வீட்டின் பூட்டையும் அவர் தளர்த்திவிட்டுப் போயிருக்கலாம்.

லேப்டாப்புக்குள் தபால் தலை அளவில் ஒரு வைஃபை கார்டு இருக்கிறது. அது தயாரான காலத்து பாஷை வரைதான் அதற்குத் தெரியும். 1999-ல் வந்த 802.11பி தரத்தின் உச்ச வேகம் 11 எம்.பி.பி.எஸ். 2003-ல் வந்த ஜி தரத்தில் அது 54 ஆனது. பிறகு 2009-ல் என், 2013-ல் ஏ.சி. இந்த எழுத்துகள் யாருக்கும் மனதில் நிற்காததால், வைஃபை அலையன்ஸ் அமைப்பு 2018-ல் எண்களுக்கு மாறியது. என் என்பது வைஃபை 4, ஏ.சி. என்பது வைஃபை 5, அடுத்து வந்த ஏ.எக்ஸ். வைஃபை 6. முன்பே செய்திருக்கலாம்!

புது ரவுட்டர்களுக்குப் பெரும்பாலும் பழைய பாஷைகளும் தெரியும். பிறகு ஏன் தகராறு? மலிவு விலை பழைய கார்டுகள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும். ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்கினால் அவற்றுக்கு அது இல்லாத மாதிரிதான். 2.4-ஐயும் ஆன் செய்தால் போதும். இன்டெல்லின் சில பழைய கார்டுகள், டிரைவர் பழையதாக இருந்தால் வைஃபை 6 ரவுட்டரின் பெயரைக் காட்டாது. டிரைவரை அப்டேட் செய்தால் சரியாகிவிடும். இரண்டுக்கும் பாதுகாப்பு செட்டிங்ஸைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

பூட்டு பொருந்தாமல் போவதுதான் வில்லங்கமான இடம். வைஃபையின் முதல் பூட்டு டபிள்யூ.இ.பி. கொஞ்ச நேரம் ஒட்டுக்கேட்டாலே சாவியைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதற்கான வழியை ஃப்ளூரர், மான்டின், ஷமீர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2001-லேயே வெளியிட்டுவிட்டார்கள். அதன் பிறகும் பலர் அதை மாற்றவில்லை. டிஜேஎக்ஸ் என்ற அமெரிக்கக் கடைக் குழுமத்திலிருந்து 4.5 கோடிக்கும் அதிகமான கிரெடிட், டெபிட் கார்டு எண்கள் திருடுபோனது 2007-ல் வெளியே வந்தது. அந்தப் பழைய பூட்டிலிருந்து மாறத் தாமதித்ததை, இதை விசாரித்த கனடா தனியுரிமை ஆணையரின் அறிக்கை குறையாகச் சொன்னது.

2003-ல் தற்காலிக ஏற்பாடாக டபிள்யூ.பி.ஏ. வந்தது. அதன் டி.கே.ஐ.பி. முறையும் இன்று பலவீனமானதுதான். 2004-ல் ஏ.இ.எஸ். முறையோடு டபிள்யூ.பி.ஏ-2, 2018-ல் டபிள்யூ.பி.ஏ-3. வைஃபை சான்றிதழ் வாங்க டபிள்யூ.பி.ஏ-2 கட்டாயம் என்பது 2006-லிருந்தே விதி. ஆக, அப்பாவின் லேப்டாப்புக்கு அந்தப் பூட்டு நிச்சயம் தெரியும். புது ரவுட்டர் டபிள்யூ.பி.ஏ-3 மட்டும் என்று வைக்கப்பட்டிருந்தால்தான் அது திணறும். டபிள்யூ.பி.ஏ-2, டபிள்யூ.பி.ஏ-3 இரண்டும் சேர்ந்த செட்டிங்கைத் தேர்ந்தெடுத்தால் பிரச்னை தீரும். அதிலும் தடுமாறும் கார்டுகள் உண்டு. அதற்கு கெஸ்ட் நெட்வொர்க் ஒன்றைத் திறந்து, ஏ.இ.எஸ். முறையிலான டபிள்யூ.பி.ஏ-2-வை வைத்து, லேப்டாப்பை மட்டும் அதில் விடலாம். டி.கே.ஐ.பி. பக்கமோ, பாஸ்வேர்டே இல்லாத ஓப்பன் பக்கமோ போக வேண்டியதில்லை. டி.கே.ஐ.பி.யில் சேரும் கருவிக்கு வைஃபை 4-ன் வேகமும் கிடைக்காது, 54-லேயே நின்றுவிடும்.

இப்போது எந்தப் பூட்டு இருக்கிறது என்று பார்ப்பது சுலபம். விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், வைஃபையில் உங்கள் இணைப்பின் ப்ராப்பர்டீஸைத் திறந்தால் ‘செக்யூரிட்டி டைப்’, ‘ப்ரோட்டோகால்’ என்ற வரிகள் இருக்கும்.

விண்டோஸ் அப்டேட்டையும் விட்டுவிடக் கூடாது. டபிள்யூ.பி.ஏ-2-விலும் ஓர் ஓட்டை இருப்பதை 2017-ல் பெல்ஜியத்தின் மேத்தி வான்ஹூஃப் கண்டுபிடித்தார். அதை அடைத்தது சாஃப்ட்வேர் அப்டேட்தான். அப்டேட் செய்யாத லேப்டாப்பில் அந்த ஓட்டை இன்னும் இருக்கும்.

கார்டையே மாற்ற நினைப்பவர்களுக்கு யு.எஸ்.பி. வைஃபை அடாப்டர்தான் தலைவலி இல்லாத வழி. பெட்டியில் 5 கிகாஹெர்ட்ஸ், டபிள்யூ.பி.ஏ-3 இரண்டும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். உள்ளே இருக்கும் கார்டை மாற்றுவதானால் எண்ணில் கவனம் வேண்டும். இன்டெல் ஏஎக்ஸ்200 பல லேப்டாப்களில் வேலை செய்யும். ஏஎக்ஸ்201 அதற்கென்று வசதியுள்ள இன்டெல் பிராசஸர் இருந்தால் மட்டுமே வேலை செய்யும். கடைசி ஓர் எண்தான் வித்தியாசம். சில புது லேப்டாப்களில் கார்டு போர்டோடு ஒட்டியே வருகிறது, கழற்ற முடியாது. கடைக்குப் போகும்முன் லேப்டாப்பின் அடியில் உள்ள மாடல் எண்ணை மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள்.