கடல் கடந்து தொண்டாற்றப் புறப்படும் முன்…

 

படிப்பையும் வேலையையும் ஓராண்டு ஒதுக்கிவைத்துவிட்டுத் தனியாக வெளிநாடு சென்று தொண்டு செய்ய வேண்டும் என்று பிள்ளைகள் பெற்றோரிடம் அனுமதி கேட்பது, ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான நம் பகுதிக்குப் புதியது. மேலை நாடுகளில் இதனைக் 'கேப் இயர்' என அழைக்கின்றனர். கைப்பேசித் திரையில் தினமும் உலகத்தைக் காணும் நம் பிள்ளைகளுக்கும் அந்த ஆசை வந்திருப்பதில் வியப்பில்லை. பெற்றோர் சிலர் இதனை வெட்டியாக ஊர் சுற்றும் எண்ணம் என்று உடனே மறுத்துவிடுகின்றனர். வேறு சிலர், தொண்டு என்ற சொல்லைக் கேட்டதும் நன்மைதானே என்று வேறெதுவும் விசாரிக்காமல் இசைந்துவிடுகின்றனர். இரண்டுமே அவசரமான மறுமொழிகள் என்பது நம் கருத்து.

ஓராண்டு வீணாகிவிடும் என்ற அச்சத்தை முதலில் பார்ப்போம். நீட் தேர்வுக்காக ஓராண்டோ ஈராண்டோ வீட்டிலிருந்து படிக்கும் பிள்ளையைப் பற்றி நாம் அவ்வாறு கூறுவதில்லை. வளைகுடா விசாவுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் இளைஞரையும் குறைகூறுவதில்லை. இடைவெளி ஆண்டு நமக்கு ஏற்கெனவே பழக்கமானதுதான். அதற்கு அப்பெயரை நாம் சூட்டவில்லை, அவ்வளவே. கல்லூரிகள் கேட்டால் இடைவெளிக்கான காரணத்தை முத்திரைத்தாளில் உறுதிமொழியாக எழுதி, நோட்டரி கையொப்பம் பெற்றுக் கொடுக்கும் வழக்கமும் உள்ளது. அந்த ஆண்டில் பிள்ளை எதைக் கற்றுத் திரும்பும் என்பதே பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி.

கடல் கடந்து செல்வதும் நமக்குப் புதிதன்று. சென்னைத் துறைமுகத்திலிருந்து 'ரஜுலா' கப்பல் 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம் மக்களைச் சுமந்து சென்றது. அதன் பின்னர் வந்த 'சிதம்பரம்' கப்பல் 1985ஆம் ஆண்டுத் தீ விபத்துக்குப் பின் பயணிகள் சேவையிலிருந்து விலகியது. அக்கப்பல்களில் ஏறிய பெரும்பாலோர் பிழைப்புத் தேடிச் சென்றவர்கள். ஊதியம் இல்லாமல், பிறருக்கு உதவுவதற்காகவே ஒரு தலைமுறை புறப்பட விரும்புகிறது என்றால், அந்த நிலைக்கு நம்மை உயர்த்திய அல்லாஹ்வுக்கு முதலில் நன்றி செலுத்துவோம்.

மார்க்கமும் பயணத்துக்கு எதிரானதன்று. பூமியில் பயணம் செய்து படிப்பினை பெறுமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் அழைக்கிறது. பயணிக்குத் தொழுகையைச் சுருக்கிக்கொள்ளவும் நோன்பைப் பின்னர் நோற்கவும் சலுகை உண்டு. ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் வழிப்போக்கரும் ஒருவர். பயணிகளைத் தாங்குவதற்கென்றே ஒரு பங்கை ஒதுக்கிய மார்க்கம் இது.

தனிப் பயணத்துக்கு நம் வரலாற்றில் முதன்மைச் சான்று இப்னு பதூதா அவர்கள். ஹஜ்ஜை நாடி 1325ஆம் ஆண்டு, தம் 21ஆம் வயதில், மொராக்கோவின் தான்ஜியர் நகரிலிருந்து தனியாகப் புறப்பட்டார். டில்லியிலும் மாலத்தீவிலும் காழியாகப் பணியாற்றினார். 1344இல் இலங்கைக்குச் சென்றார். பின்னர் நம் தமிழகக் கடற்கரைக்கும் மதுரைக்கும் வந்தார். சென்ற இடமெல்லாம் அவர் மொழியையும் நீதியையும் உணவையும் வழக்கங்களையும் கூர்ந்து கற்றார். ஆயினும் அவருடைய வரலாற்றில் நாம் விரைந்து கடந்துவிடும் பகுதி ஒன்று உண்டு. 24 ஆண்டுகளுக்குப் பின் ஊர் திரும்பும் வழியில், திமிஷ்க் நகரில், தம் தந்தை 15 ஆண்டுகளுக்கு முன்னரே இறந்துவிட்டதை அறிந்தார். தாயாரையும் அவர் ஊர் சேர்வதற்குச் சற்று முன்பு கொள்ளைநோய் கொண்டுசென்றது. போருக்கு அனுமதி கேட்டு வந்தவரிடம் பெற்றோர் உயிருடன் இருக்கின்றனரா என வினவி, அவர்களுக்குப் பணிவிடை செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியை நாம் அறிவோம். நோயுற்ற தாயையோ கடன் சுமக்கும் தந்தையையோ விட்டுவிட்டு அயலாருக்குத் தொண்டு செய்யப் புறப்படும் பிள்ளை, கடமையை விட்டு உபரியைப் பற்றிக்கொள்கிறது.

இனித் தொண்டு என்பதைப் பார்ப்போம். இதனைப் பற்றிப் பேச வடசென்னை மக்களாகிய நமக்குத் தனித் தகுதி உண்டு. தொண்டர்கள் தேடி வரும் கரையில் நாம் வாழ்கிறோம். உதவி பெறுவோரின் இடத்திலிருந்து உதவி எப்படித் தெரிகிறது என்பதை நாம் கண்டிருக்கிறோம்.

2017 ஜனவரி 28ஆம் நாள் அதிகாலையில் எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. கடலில் கொட்டிய கனரக எண்ணெய் எர்ணாவூர்ப் பாரதியார் நகர்க் கரையில் கரும்பாகாகத் திரண்டது. உறிஞ்சும் இயந்திரங்களால் அதனை இழுக்க இயலவில்லை. கடலோரக் காவல்படையினரும் மீனவர்களும் கல்லூரி மாணவர்களும் வாளிகளால் அதனை அள்ளினர். பலருக்குத் தகுந்த கையுறையோ முகக்கவசமோ இருக்கவில்லை. மீன் வாங்கவே மக்கள் அஞ்சியதால் காசிமேட்டு மீன் வணிகமும் சரிந்தது. ஏறத்தாழ ஏழாண்டுகள் கழித்து, 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் பரவியது. அப்போதும் மீனவர்களே தங்கள் படகுகளில் சென்று எண்ணெயை அள்ளிப் பீப்பாய்களில் நிரப்பினர்.

இத்தகைய நாட்களில் வந்தவர்கள் அனைவரும் ஒரே வகையினர் அல்லர். என்ன தேவை என்று முதலில் கேட்டு, கையுறையும் குடிநீரும் கொண்டுவந்து, மீனவர் சொன்ன இடத்தில் நின்று வேலை செய்தவர்கள் உண்டு. செய்தியாளர்கள் சென்ற பிறகும், கழிமுகத்து நீரையும் மண்ணையும் சோதிக்கவும் இழப்பீட்டு மனு எழுதவும் தொடர்ந்து வந்தவர்கள் உண்டு. எண்ணெய் படிந்த கைகளைப் படம் பிடித்துக்கொண்டு மாலைக்குள் திரும்பியவர்களும் உண்டு. இம்மூவரில் யாருடைய வருகையால் கரைக்குப் பயன் விளைந்தது என்பதை எர்ணாவூரில் எவரைக் கேட்டாலும் கூறுவார்கள். வெளிநாடு செல்லும் நம் பிள்ளை அந்த ஊர் மக்களின் கண்ணுக்கு இவர்களுள் யாராகத் தெரியப்போகிறது என்பதை, விமானச் சீட்டு வாங்குமுன் எண்ணிப்பார்க்க வேண்டும்.

குறிப்பாக ஓர் எச்சரிக்கை. யதீம்களை ஆதரிப்பது நம் உள்ளத்துக்கு மிக நெருக்கமான அமல். நபி (ஸல்) அவர்களே யதீமாக வளர்ந்தவர்கள். அதனால் 'அனாதை இல்லத்தில் சில வாரங்கள் தொண்டு' என்ற அழைப்பைக் கண்டதும் நம் மனம் இளகிவிடுகிறது. ஆனால் நேபாளம், கம்போடியா போன்ற நாடுகளின் இல்லங்களில் உள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருப்பதை யுனிசெஃப் போன்ற அமைப்புகள் எடுத்துக்காட்டியுள்ளன. வெளிநாட்டுத் தன்னார்வலர் தரும் பணத்துக்காகவே ஏழைக் குடும்பங்களிலிருந்து குழந்தைகளைப் பிரித்துக் கொண்டுவரும் இல்லங்கள் இயங்கியுள்ளன. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை, குழந்தை உரிமைகள் குறித்த தன் தீர்மானத்தில் இத்தகைய தன்னார்வச் சுற்றுலாவின் தீங்கைச் சுட்டிக்காட்டியது. மாதந்தோறும் புதிய முகம் வந்து அன்பு காட்டி மறைந்தால், அக்குழந்தையின் மனம் என்ன பாடுபடும்? யதீமுக்கு உதவ விரும்பும் பிள்ளை, நம் தெருவிலுள்ள கைம்பெண் ஒருவரின் குழந்தைக்கு ஓராண்டு பாடம் சொல்லிக்கொடுக்கலாம். தாயின் மடியிலிருந்து பிரியாமல் அக்குழந்தை வளர அது துணைசெய்யும்.

பணத்தைப் பற்றியும் கேட்க வேண்டும். தன்னார்வலரிடமே பெருந்தொகை வசூலித்து, தங்குமிடமும் சுற்றுலாவும் சேர்த்து விற்கும் நிறுவனங்கள் பல உள்ளன. 1970இல் தொடங்கப்பட்ட ஐ.நா. தன்னார்வலர் திட்டம் போன்றவை இதற்கு மாறாகத் தகுதி பார்த்துத் தேர்ந்தெடுத்து, வாழ்க்கைச் செலவுக்கான தொகையும் தருகின்றன. மேலும், சுற்றுலா விசாவில் சென்று ஊதியமின்றி வேலை செய்வதும் பல நாடுகளில் சட்டமீறலே. 'விசாவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்பவரை நம்பக்கூடாது. 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்ற பொய்யை நம்பிச் சென்ற தமிழ் இளைஞர்கள் மியான்மருக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்ட கொடுமையை நாம் மறக்கலாகாது. வேலைக்கு விரிக்கும் வலையைத் தொண்டுக்கும் விரிக்க அவர்களுக்கு அதிக நேரம் ஆகாது.

பெண் பிள்ளைகள் கேட்டால் என்ன செய்வது? மஹ்ரம் துணையின்றிப் பயணம் செய்வது குறித்து மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. தத்தம் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுக. ஹஜ்ஜுக்கு 45 வயதைக் கடந்த பெண்கள் மஹ்ரம் இன்றிக் குழுவாகச் செல்ல 2018 முதல் இந்திய ஹஜ் கொள்கை வழிசெய்ததையும், அதனைப் பல பெண்கள் ஏற்றுச் சென்றதையும் இங்கு நினைவூட்டுகிறோம். மகனுக்குத் திறந்த கதவை மகளுக்கு அடைத்துவிட்டு, காரணமும் சொல்லாமல் இருப்பது நீதியாகாது. தனியாக அனுப்ப மனம் ஒப்பவில்லை எனில், குழுவாகவோ, உறவினர் வாழும் ஊருக்கோ, தாயுடனோ அனுப்பலாம். பேரிடர் முகாம்களில் பெண்களின் தேவைகளைக் கேட்டறியப் பெண் தொண்டர்களே வேண்டும். எண்ணூர்க் கழிமுகத்தில் கைகளால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள், தம் உடல்நலக் குறைகளை ஓர் ஆணிடம் எளிதில் சொல்லிவிட மாட்டார்கள்.

ஆகவே, இந்த ஓராண்டை இரு பகுதிகளாகப் பிரிக்குமாறு முன்மொழிகிறோம். முதற்பகுதியை நம் கரையிலேயே செலவிடுக. முதலுதவி, நீச்சல், கணக்கு எழுதுதல், தையல், மின்பழுது நீக்கல் என ஏதேனும் ஒன்றைப் பிறருக்குப் பயன்படும் அளவுக்குக் கற்றுக்கொள்க. காசிமேட்டிலோ எர்ணாவூரிலோ ஆறு மாதங்கள் ஒரே இடத்தில், ஒரே குழுவோடு வேலை செய்க. பக்கத்துக் குப்பத்தில் ஆறு மாதங்கள் நிலைத்திருக்க இயலாதவரால், மொழி தெரியாத நாட்டில் ஆறு வாரங்கள் பயன்பட முடியாது. அதன் பின்னரும் ஆவல் தணியாவிட்டால், அந்நாட்டு மக்களே நடத்தும் அமைப்பு ஒன்றிடமிருந்து, தேவைப்படும் வேலை, காலம், தங்குமிடம் ஆகியவற்றைக் குறிப்பிடும் எழுத்து மூலமான அழைப்பைப் பெறுக. அந்த வேலையை உள்ளூர்வாசி ஒருவர் கூலிக்குச் செய்யக்கூடியதாயின், அவருடைய பிழைப்பை நாம் பறிக்க வேண்டாம். கடன் வாங்கிச் செல்லவும் வேண்டாம்.

ஜமாஅத்துகளுக்கும் இதில் பங்கு உண்டு. நம் முன்னோர் சென்ற இடங்களில் பள்ளிவாசல்களைக் கட்டிவைத்திருக்கின்றனர். 1801இல் பினாங்கில் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், 1826இல் சிங்கப்பூரில் நிறுவப்பட்ட ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பியவையே. வழிப்போக்கருக்கு அவை அன்று புகலிடமாக இருந்தன. நம் மஹல்லாவின் பிள்ளை ஒன்று அயல்நாடு செல்லும்போது, அங்குள்ள ஜமாஅத்துக்கு ஒரு கடிதமும், அவசரத்தில் அழைக்கத் தெரிந்த ஒருவரின் எண்ணும் கொடுத்தனுப்புவது நிர்வாகிகளுக்குப் பெரிய பணியன்று. வசதியற்ற வீட்டுப் பிள்ளையின் பயணச் செலவில் ஒரு பகுதியை ஏற்கவும் பொதுநிதியில் இடம் காணலாம். அப்படிச் செய்தால், தொண்டுப் பயணம் பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்காகச் சுருங்காது.

திரும்பி வந்த பிள்ளையிடமும் ஒன்றைக் கேட்போம். எத்தனை நாடுகளைப் பார்த்தாய் என்பதைவிட, நீ தங்கியிருந்த தெருவின் மக்கள் உன்னை மீண்டும் அழைத்தார்களா என்று கேட்போம். ஆம் என்று அது சொல்லுமானால் அந்த ஓராண்டு வீணாகவில்லை. அடுத்த முறை எண்ணூர்க் கரையில் எண்ணெய் படியும்போதோ, வெள்ளம் திருவொற்றியூர்த் தெருக்களில் புகும்போதோ, எங்கே நிற்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்பது அப்பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்.

நம் பிள்ளைகளின் பயணங்களை நன்மையானவையாக ஆக்கி, அவர்களைப் பெற்றோரின் கண்குளிர்ச்சியாகத் திரும்பச் சேர்ப்பானாக! அவர்கள் செல்லும் ஊர்களுக்கும் பிறந்த ஊருக்கும் அவர்களால் நலம் விளையச் செய்வானாக! வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.