சங்கத்தின் கணினிகள் ஒரே கூரைக்குள் வரும்போது

நமது தலைமைக் காரியாலயத்திலுள்ள மூன்று பழைய சேர்வர்களின் வேலையையும் ஒரே புதிய கணினிக்குள் கொண்டுவரப் போகிறார்கள். மூன்றும் அதற்குள் தனித்தனி மெய்நிகர்க் கணினிகளாக இயங்கும். லயத்தில் ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள் தனித்தனியே அடுப்பு மூட்டுவதைப் போலத்தான். மின்கட்டணம் குறையும், உதிரிப்பாகம் கிடைக்காத இயந்திரங்களோடு மல்லுக்கட்டவும் வேண்டியதில்லை. நான் இதை ஆதரிக்கிறேன்.

ஆனால் லயத்தில் ஓர் அறை தீப்பிடித்தால் பக்கத்து அறைகளுக்கு என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். சந்தாக் கணக்கு, சேமலாப நிதி முறைப்பாடுகள், முப்பது வருடம் கொழுந்து பறித்த ஒரு தாயின் சேவைக்காலப் பண வழக்கு, எல்லாம் ஒரே பெட்டிக்குள் போகின்றன.

2023 ஆகஸ்டில் அரசாங்கத்தின் கிளவுட் சேவையையே கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் வைரஸ் தாக்கியது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை. அந்தக் காலத்துக்குத் தனியாக எடுத்துவைத்த பிரதி இருக்கவில்லை. அரசாங்கத்துக்கே அந்தக் கதி.

ஆகவே வாரந்தோறும் முழுப் பிரதியை வெளி ஹாட் டிஸ்க்கில் எடுத்து, கழற்றி, வேறொரு மாவட்டக் காரியாலயத்தில் பூட்டி வைக்க வேண்டும். அதே இயந்திரத்துக்குள் எடுக்கும் ‘ஸ்னாப்ஷொட்’ போதும் என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள், பெட்டி போனால் அதுவும் போகும். பிரதியிலிருந்து பழைய வழக்குக் கோவை ஒன்றைத் திரும்ப எடுத்துக் காட்டும்வரை மூன்று சேர்வர்களையும் விற்கக் கூடாது. தோட்டக் கமிட்டித் தலைவர்கள் அடுத்த மாவட்டக் கூட்டத்தில் இதைக் கேட்க வேண்டும்.