கறுப்பு ஜன்னலுக்குக் கலர் எதற்கு?

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறைகளுக்குப் பக்கத்திலேயே ஐ.டி. கட்டடங்களும் நிற்கின்றன. நைட் ஷிஃப்ட்டில் சர்வர் பார்க்கும் பசங்களின் மானிட்டரில் ஒரே நேரத்தில் ஐந்தாறு டெர்மினல் திறந்திருக்கும். எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே வெள்ளை எழுத்து. ஒன்று சோதனை சர்வர், இன்னொன்று வாடிக்கையாளரின் நிஜக் கணக்கு ஓடும் சர்வர். "ஒவ்வொன்றுக்கும் ஒரு கலர் வைக்கலாமே" என்று ஜூனியர் கேட்டால் வழக்கமான பதில் ரெடி: "வேலை தெரிஞ்சவனுக்கு கலர் எதுக்குப்பா? பிராம்ப்ட்டைப் படி!"

சுத்தப் பந்தா இது.

2017 ஜனவரி 31 இரவு, கிட்லேப் நிறுவனத்தில் என்ன நடந்தது? நகல் டேட்டாபேஸ் சர்வரில் அழிக்க வேண்டியதை, ஒரு இஞ்சினியர் அசல் சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜி.பி.யில் மிஞ்சியது 4.5 ஜி.பி.தான்! கடைசியில் ஆறு மணி நேரத் தகவல் போனது போனதுதான். அவர் வேலை தெரியாதவரா? இல்லை. நாள் முழுக்க உழைத்துக் களைத்தவர். பிறகு அந்த நிறுவனம் எழுதிய திருத்தப் பட்டியலில் ஒன்று: அசல் சர்வரின் பிராம்ப்ட் சிவப்பு, சோதனை சர்வருடையது மஞ்சள்.

"பேக்கப் சரியில்லாததுதான் குற்றம்" என்பார்கள். அங்கே பேக்கப்பும் சொதப்பியது உண்மைதான். அதற்காக? வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்று பிரேக்கைக் கழற்றி வைப்போமா?

நம்மூர் பஸ்ஸையே பாருங்கள். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. ஒயிட் போர்டா, டீலக்ஸா என்பது பஸ் கிட்டே வந்தால்தான் தெரியும். 2022-ல் எம்.டி.சி. முன்னும் பின்னும் பிங்க் பெயிண்ட் அடித்தது. ஆவடியிலும் பூந்தமல்லியிலும் காத்து நிற்பவர்களைப் பார்த்து "போர்டைப் படிக்கத் தெரியாதா?" என்று கேட்பது நியாயமா? பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் உண்டு. அழிந்த டேட்டாபேஸுக்கு அடுத்தது கிடையாது.

கடைக்காரரின் பில் புத்தகத்தில் கூட அசல் ஒரு கலர், கார்பன் காப்பி ஒரு கலர். வியாபாரம் எப்போதோ கற்றுக்கொண்ட பாடம் மக்களே!

ஆனால் கலரை எங்கே வைப்பது என்பதில் விஷயம் இருக்கிறது. புட்டியில் ஒவ்வொரு செஷனுக்கும் தனிப் பின்னணி நிறம் சேமிக்கலாம். அதே ஜன்னலிலிருந்து வேறு சர்வருக்குத் தாவினால்? நிறம் மாறாது, பச்சைப் பின்னணியிலேயே அசல் சர்வர் ஓடும். இது கலரே இல்லாததை விட மோசம். அதனால் அந்தந்த சர்வரின் பாஷ் அமைப்பிலேயே பிராம்ப்ட்டுக்கு நிறம் கொடுக்க வேண்டும். எங்கிருந்து நுழைந்தாலும் சிவப்புதான் கண்ணில் படும். சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர்களும் இருக்கிறார்கள், எனவே கூடவே 'அசல்' என்று பெரிதாகப் பெயரும் வேண்டும். ஏழெட்டு கலர் அடித்து ஹோலி கொண்டாட வேண்டாம். தொட்டால் திரும்பாத சர்வருக்கு மட்டும் சிவப்பு, போதும்.

இதற்கு ஆகும் செலவு ஒரு வரி. அந்த ஒரு வரியை எழுத விடாத சீனியர், நாளைக்குத் தப்பு நடந்தால் பழியை மட்டும் ஜூனியர் தலையில் கட்டுவார். அது எந்த ஊர் நியாயம்?