வேங்கைக் குவளை

திருப்பதி, காட்பாடி, தர்மாவரம் என மூன்று திசை இருப்புப்பாதைகள் கூடுமிடம் பாகாலா. அவ்வழியே தாயகம் சென்று மீளும் நம்மவர் பெட்டிகளில் வேங்கை மரக் குவளை ஒன்று இருப்பதுண்டு. இரவில் நீர் ஊற்றி வைத்தால் விடியலில் அது தேயிலை நிறங்கொள்ளும். நீரிழிவு உடையோர் அதனைப் பருகுவர்.

வேங்கையின் வைரப் பகுதியைக் கடைசல் பிடித்துக் குடைவதே வழக்கம். இங்குள்ள நம் பிள்ளைகள் சிலர் மெல்லிய இழை ரம்பத்தால் பலகையை வளையங்களாக அறுத்து, பசையிட்டு அடுக்கிக் குவளையாக்குகின்றனர். அழகுதான், ஆயினும் இரவெல்லாம் பசை நீரில் ஊறும். உள்ளே மெருகு பூசினாலோ, மரத்தின் சாறு இறங்காது.

சேஷாசல மலைச் செம்மரத்தை வேங்கையென எண்ணி வாங்கிவிடாதீர்கள். 1995 முதல் அது சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. சுங்கச் சாவடியில் அல்லற்பட நேரும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 1998ஆம் ஆண்டு ஆய்வில், 12 வாரத்தில் 97 பேருள் 67 பேருக்குச் சர்க்கரை கட்டுப்பட்டது. அவர்கள் உட்கொண்டது அளவிட்ட வேங்கைச் சாரம்; குவளை நீரன்று. என் தமையனார் இவ்வேறுபாட்டை அறியாது மாத்திரையை நிறுத்தினார். மூன்றாம் திங்களில் காற்புண்ணோடு மருத்துவமனையில் கிடந்தார். இப்பொழுது மாத்திரைகளை அக்குவளைக்குள்ளேயே போட்டு வைத்திருக்கிறார்.