சமாளித்துக்கொள்ளலாகாத ஆசனம்

பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்த நமக்கெல்லாம் ஒரு பழக்கம் உண்டு. கிடைத்த இடத்தில் உடலைக் குறுக்கிக்கொண்டு அமர்ந்துவிடுவோம். நால்வர் அமரும் பலகையில் ஆறாவது ஆளாக இரண்டு நாள் பிரயாணம் செய்வோம். கால் ஆடும் நாற்காலியில் ஆண்டுக்கணக்காகப் பேரேடு எழுதுவோம். கேட்பவரிடம், "பரவாயில்லை, சமாளித்துக்கொள்ளலாம்" என்போம். இதை நற்குணமென்றே நாம் எண்ணியிருந்தோம். அது கேடாகும் இடமும் உண்டென்பதை நம் தமக்கையின் மகள் வாயிலாக அறிந்தோம்.

கல்லூரி மாணவியாகிய அவள் கிளைடர் ஓட்டப் பயில்கிறாள். கிளைடர் என்பது எஞ்சின் இல்லாத விமானம். வடத்தால் இழுத்து உயரே ஏற்றிவிட்டால், மேலெழும் வெங்காற்றைப் பற்றிக்கொண்டு பருந்துபோல் வட்டமிடும். நம் நாட்டில் புணே நகரத்து ஹடப்ஸரில் 1950-ஆம் ஆண்டிலேயே இதற்கென ஓர் அரசாங்க நிலையம் தோன்றியது. இந்நாட்டில் உருவான கிளைடர்களுக்கு அசுவினி, பரணி, ரோகிணி என நட்சத்திரங்களின் பெயர்களையே சூட்டினர். 1961-இல் முதன்முதல் பறந்த ரோகிணியில் ஆசிரியரும் மாணவரும் அருகருகே அமர்வர். ஆனால் இக்காலத்துப் பயிற்சிக் கிளைடர்கள் பலவற்றில் மாணவர் முன்னும் ஆசிரியர் பின்னும் அமர்கின்றனர். மாணவரின் கால் எட்டுகிறதா என்பதைப் பின்னிருப்பவர் காண இயலாது. மாணவரே வாய்திறந்து சொல்ல வேண்டும்.

நம் பெண்ணின் உயரம் ஐந்தடிக்கும் குறைவு. எடை 48 கிலோ. முதல் நாள் கால்மிதியை நுனிவிரலால்தான் தொட முடிந்ததாம். வீட்டில் சொன்னபோது நாம் என்ன கூறினோம் தெரியுமா? "கொஞ்சம் முன்னே நகர்ந்து உட்கார்ந்து சமாளித்துக்கொள், அம்மா" என்றோம். தமக்கையார் ஓர் இலவம்பஞ்சுத் தலையணையைக் கொடுத்தனுப்பினார். மாலையில் அவள் தலையணையோடு திரும்பி வந்தாள். "இதை வைத்துக்கொண்டு பறக்கக்கூடாது என்று விட்டார், மாமா" என்றாள்.

ஆசிரியர் கூறிய காரணத்தைக் கேட்டபோது நமக்கு உடல் நடுங்கியது. வடம் விரைந்து இழுக்கும்போது உடல் பின்னோக்கி அழுந்தும். மெத்தென்ற பஞ்சு அமுங்கிவிடும். கால் மிதியை விட்டு அகலும். கையிலுள்ள கோலும் உடலோடு பின்னே வரும். விமானத்தின் மூக்கு செங்குத்தாக நிமிரும். தரையில் பலமாக இறங்கினாலோ, அமுங்கிய பஞ்சின் வழியே உடல் அடிப்பலகையில் மோதி முதுகெலும்பு முறியவும் கூடும். ஆகவே முதுகுக்கும் அடிக்கும் எளிதில் அமுங்காத கெட்டித் திண்டுகளே வேண்டும்.

எடையும் அத்தகையதே. சரக்கு வண்டியில் ஏற்றத்தக்க பாரம் எழுதியிருப்பதுபோல், ஓட்டியின் ஆசனத்தருகேயும் எழுதியிருப்பர். ஒரு வேறுபாடு: அங்கே மிகக்கூடாத பாரத்தோடு குறையக்கூடாத பாரமும் உண்டு. பல கிளைடர்களில் அது பாராசூட்டையும் சேர்த்து 70 கிலோ அளவாகும். அதற்குக் குறைந்தால் வால் கனத்து, விமானம் கட்டுக்கு அடங்காது போகும். குறைவை ஈயக் கட்டிகளால் ஈடுசெய்வர். தன் எடையை மறைப்பவர் தமக்கே குழி தோண்டுகிறார்.

முதலில் இடுப்பு வாரை வயிற்றின்மேல் அல்லாமல் இடுப்பெலும்பின்மேல் தாழ்வாக இறுக்க வேண்டும். பிறகே தோள் வார். வார்கள் இறுகிய நிலையிலேயே வடத்தை விடுவிக்கும் குமிழ் கைக்கு எட்ட வேண்டும். கால்மிதியை முழுதும் அழுத்திய பின்னும் முழங்கால் சற்று மடிந்திருக்க வேண்டும். கோல் தொடையில் இடிக்கலாகாது. தலைக்கும் கண்ணாடி மூடிக்கும் இடையே இடம் வேண்டும். பின்பையில் பணப்பை இருந்தால் சிறிது நேரத்தில் கால் மரத்துப்போகும். வெள்ளிச் சின்னம் பெற விரும்புவோர் ஐந்து மணி நேரம் இடைவிடாது பறக்க வேண்டியிருப்பதால், இது அற்ப விஷயமன்று.

மறுவாரம் கெட்டித் திண்டும் ஈயமும் வைத்து, கால்மிதியைத் தன்பக்கம் இழுத்து அமைத்துக்கொண்டு அவள் பறந்தாள். "இப்போதுதான், மாமா, விமானத்தைப் பார்த்தேன், அதுவரை என் காலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றாள்.

அன்பர்களே, நம் பிள்ளைகளுக்குப் பொறுமையைக் கற்பிப்போம். அதனோடு, "எனக்கு இது எட்டவில்லை" என்று வெட்கமின்றிச் சொல்லும் துணிவையும் கற்பிப்போம். நாமும் மறுநாளே நாற்காலிக் காலைச் செப்பனிட வேண்டி விண்ணப்பம் கொடுத்துவிட்டோம், விடையை எதிர்நோக்கியிருக்கிறோம்.